உறுமுகிறதா கம்ப்யூட்டர்?

சில நூறு ரூபாய் விசிறிக்காக முழு மெஷினையும் மாற்றுவதற்கு முன், பெட்டியைத் திறந்து பாருங்கள்

முதலில் லேசான 'கொர்'. காலையில் சுவிட்சைப் போட்டதும் வரும், பத்து நிமிடத்தில் அடங்கிவிடும். சில மாதங்களில் அதுவே நாள் முழுக்க மாவு மில் ஓடுவது போன்ற இரைச்சலாகிவிடும். கடைக்குத் தூக்கிப்போனால், "பழைய மெஷின் சார், இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க" என்ற ஆலோசனை இலவசமாகக் கிடைக்கக்கூடும். ஆனால் பெரும்பாலும் கெட்டுப்போயிருப்பது சில நூறு ரூபாய் பெறுமானமுள்ள ஒரு பிளாஸ்டிக் விசிறி மட்டுமே.

அதற்காக அலட்சியமாகவும் இருந்துவிட முடியாது. 1993-ல் வந்த முதல் பென்டியம் பிராசஸர் கக்கிய வெப்பம் சுமார் 15 வாட். 2022-ல் வந்த இன்டெல் கோர் ஐ9-13900கே முழு வேகத்தில் 253 வாட் வரை விழுங்கும். விசிறி நின்றால் இந்தச் சூடு எங்கே போகும்? 2001-ல் டாம்ஸ் ஹார்ட்வேர் குழுவினர் ஒரு சோதனை நடத்தினார்கள். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிராசஸர் மேலிருந்த ஹீட் சிங்க்கைக் கழற்றினார்கள். பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பியது. ஏஎம்டியின் ஆத்லான் புகைந்து கருகியது. இன்றைய பிராசஸர்கள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தாமாகவே அடக்கி வாசிக்கின்றன. எனவே சத்தம் பொறுக்காமல் விசிறியின் ஒயரைப் பிடுங்குகிறவரின் கம்ப்யூட்டர் எரியாமல் போகலாம், நகரவும் நகராது.

சத்தம் போடுவது எது? கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினால் பிராசஸர் மேல் ஒன்று, பின்புறம் ஒன்று, கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அதில் ஒன்றிரண்டு, எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள் ஒன்று என்று விசிறிகள் தெரியும். மெஷின் ஓடும்போது பின்புற விசிறியின் நடுக்குமிழைப் பென்சிலின் ரப்பர் முனையால் ஓரிரு விநாடி மெல்ல அழுத்துங்கள். இறக்கையைத் தொடக் கூடாது. சத்தம் நின்றால் ஆள் அகப்பட்டுவிட்டார். பிராசஸர் விசிறியையும் இப்படியே சோதிக்கலாம். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் மட்டும் எதையும் நுழைக்காதீர்கள். வருவது இரைச்சலாக இல்லாமல் 'டிக், டிக்' என்றிருந்தால் ஹார்ட் டிஸ்க்கின் மேல் சந்தேகம் கொள்ளுங்கள். விசிறியை மறந்துவிட்டு, ஃபைல்களை வேறு இடத்தில் நகல் எடுப்பதுதான் முதல் வேலை.

ஒயர் ஏதாவது இறக்கையில் உரசுகிறதா என்றும் பாருங்கள். பாதி நேரம் கதை அதோடு முடிந்துவிடும். இல்லாவிட்டால் தூசு. டெல்லியின் மே மாதப் புழுதியானாலும் சரி, வீட்டுப் பஞ்சானாலும் சரி, விசிறி பாகுபாடில்லாமல் உள்ளே இழுக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் துடையுங்கள். ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். கன்னாபின்னாவென்று சுழன்றால் பேரிங் பாழாகும்.

தூசு போன பின்னும் உறுமினால் பேரிங்கில் எண்ணெய் வற்றியிருக்கும். நடுவிலுள்ள ஸ்டிக்கரை உரித்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுவது நம் ஊர் வைத்தியம். சாதாரண ஸ்லீவ் பேரிங் விசிறியில் இது சில மாதம் தாங்கும், அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம்: 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். டெல்லி ஜனவரியில் விசிறி என்ன பாடுபடும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எண்ணெயை விட உருப்படியான வழி, புதிய விசிறி. பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப்போவது நல்லது. சட்டத்தின் பக்க அளவு (80, 92, 120 மில்லிமீட்டர்), 12 வோல்ட், மூன்று பின்னா நான்கு பின்னா என்பவற்றைப் பொருத்திப் பார்க்க வேண்டும். நான்காவது பின் வேகத்தைக் கட்டுப்படுத்துவதற்கு. அது இல்லாத விசிறி சில மதர்போர்டுகளில் எப்போதும் முழு வேகத்தில் கத்தும். கேபினட்டில் இடமிருந்தால் பெரியதாக வாங்குங்கள். 80 மி.மீ. விசிறி வேகமாகச் சுழன்று தரும் காற்றை 120 மி.மீ. விசிறி நிதானமாகவே தந்துவிடும். காற்று எந்தத் திசையில் போகும் என்பதை, பல விசிறிகளில், சட்டத்திலுள்ள அம்புக்குறி காட்டும்.

பிராசஸரின் ஹீட் சிங்க்கையே கழற்ற நேர்ந்தால், பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவ வேண்டும். ஏஎம்டியின் ஏஎம்4 வகையில் காய்ந்த பேஸ்ட் ஒட்டிக்கொண்டு பிராசஸரே பின்னோடு பிய்ந்து வரும் ஆபத்து உண்டு. கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சூடேற்றி, ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்கி, மெல்லத் திருகி எடுங்கள்.

எஸ்.எம்.பி.எஸ். விசிறி மட்டும் விதிவிலக்கு. அந்தப் பெட்டிக்குள் 230 வோல்ட் மின்சாரம் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்னோட்டமாக மாறி கெபாசிட்டரில் தேங்குகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கே இருக்கலாம், ஆளைத் தூக்கியடிக்கும். நான்கு ஸ்க்ரூதானே என்று வீட்டில் திறக்காதீர்கள். லேபிளில் உள்ள வாட் அளவைக் குறித்துக்கொண்டு, அதற்குக் குறையாத புதிய எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை வாங்கி மாட்டிவிடுங்கள்.