ஆவுளியாவின் கை

1962ஆம் ஆண்டிலே எனக்குப் பத்து வயது. மன்னார்த் தீவின் வடகரையிலே, கடலும் பனையும் ஒன்றையொன்று நோக்கி நிற்கும் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்தோம். ஒருநாட் காலை “ஆவுளியா பட்டிருக்குது” என்ற கூக்குரல் கேட்டுச் சிறுவர் எல்லோரும் கரைக்கு ஓடினோம். வலையிலே அகப்பட்டு, மேலே வந்து மூச்செடுக்க இயலாமல் இறந்த அவ்விலங்கைப் பத்துப் பேர் கயிறு கட்டி இழுத்து மணலிற் கிடத்தியிருந்தனர். என் தந்தையாரைப்போல் ஒன்றரை மடங்கு நீளம். சாம்பல் நிறத் தோல். கீழ்நோக்கி மடிந்த தடித்த மூஞ்சி. பிளவுபட்ட அகன்ற வால்.

எங்கள் விஞ்ஞான ஆசிரியரும் அங்கே வந்தார். இறைச்சியைப் பங்கிடத் தொடங்கியிருந்த சம்மாட்டியாரிடம் முன்செட்டை ஒன்றை மாத்திரம் கேட்டு வாங்கினார். அன்று பிற்பகல், பள்ளிக்கூடத்து வேப்பமர நிழலிலே, தோலையும் தசையையும் மெல்ல நீக்கி எலும்புகளை வெளிப்படுத்தினார்.

“தம்பி, உன் கையை இதன் பக்கத்திலே வை” என்றார்.

வைத்தேன். மேற்கையில் ஓர் எலும்பு, முன்கையில் இரண்டு, அவற்றின் கீழே மணிக்கட்டு, பின்னர் ஐந்து விரல்கள். என் கையில் உள்ளவை யாவும் அதன் கையிலும் இருந்தன.

“நீந்துவதற்கு ஒரு துடுப்புப் போதுமே. துடுப்புக்குள்ளே விரல் எதற்கு?” என்று கேட்டார்.

நான் விடை சொல்லவில்லை. பிற்காலத்தில் விலங்கியல் கற்று, அதனையே கற்பிக்கும் தொழிலில் அமர்ந்த பின்னரும், ஆண்டுதோறும் முதற் பாடத்திலே அவ்வினாவைத்தான் என் மாணவரிடம் கேட்டு வந்தேன்.

ஒரு விலங்கின் உருவம் இரண்டு கதைகளைச் சொல்கிறது. ஒன்று, அவ்விலங்கு இன்று எவ்வாறு உண்டு, எவ்வாறு இயங்கி வாழ்கிறது என்பது. மற்றையது, அதன் முன்னோர் யாவர் என்பது. ஆவுளியாவின் உடலிலே இவ்விரு கதைகளும் பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருக்கின்றன.

முதலில் அதன் உணவை நோக்குவோம். எங்கள் ஊரவர் சாதாளை என்று சொல்லும் கடற்புல்லே அதன் மேய்ச்சல். ஆழமற்ற கடலின் அடித்தரையிலே அப்புல் வளர்கிறது. தரையிலுள்ள புல்லை மேய்வதற்கு வாய் தரையை நோக்கியிருத்தல் வேண்டும். ஆகவேதான் ஆவுளியாவின் மேற்றாடை செங்குத்தாகக் கீழ்நோக்கி வளைந்திருக்கிறது. விறைத்த மயிர்கள் செறிந்த அகன்ற மேலுதட்டால் அது புல்லை இலையோடும் வேரோடும் பிடுங்கி உண்ணும். அது மேய்ந்து சென்ற இடத்திலே, உழவன் ஏர் பிடித்த சால்போல நீண்ட தடம் ஒன்று மணலிற் பதிந்திருக்கும். அமேசன் ஆற்றிலே வாழும் அதன் உறவான கடற்பசுவோ, நீரின் மேலே மிதக்கும் செடிகளைப் பெரிதும் உண்கிறது. அதன் மூஞ்சியில் இவ்வளவு வளைவில்லை. மேய்ச்சல் இருக்கும் திசையை நோக்கியே வாயும் அமைந்திருக்கிறது.

புல்லுண்ணிக்குப் பெரிய குடல் வேண்டும். புல்லிலே சத்துக் குறைவு, நார் மிகுதி. நாளொன்றுக்கு 40 கிலோகிராம் வரையிற்கூட உண்ணக்கூடிய இவ்விலங்கின் நீண்ட குடலிலே நுண்ணுயிர்கள் அந்நாரைப் புளிக்கச் செய்து சிதைக்கின்றன. புளிக்கும்போது வாயு பிறக்கிறது. வாயு நிறைந்த உடலோ மிதக்க முயலும். கடலடியில் மேய வேண்டிய விலங்கு மேலே மிதந்துகொண்டிருந்தால் பட்டினிதான்! இந்தச் சிக்கலை அதன் எலும்புகள் தீர்க்கின்றன. அவை உட்டுளை அருகி, கல்லைப்போல் இறுகிக் கனத்தவை. முத்துக் குளிப்பவர் காலிலே கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கியதை மன்னார் மக்கள் அறிவர்; ஆவுளியா அக்கல்லை விலாவெலும்பாகவே சுமக்கிறது. அதன் நுரையீரல்களும் முதுகை ஒட்டிச் சிறுநீரகம் வரையும் நீண்டு கிடப்பதால், உடல் முன்னும் பின்னும் சாயாது சமநிலையில் நிற்கிறது.

இயக்கமும் இவ்வாறே. புல் ஓடி ஒளிவதில்லை; அதனைத் துரத்த வேண்டியதும் இல்லை. ஆகவே ஓங்கிலின் கூரிய வேகம் ஆவுளியாவுக்கு இல்லை. வாலை மேலும் கீழுமாக அசைத்து மெல்ல நகர்ந்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்செடுத்து மீண்டும் அமிழ்கிறது.

இனி அதன் குலக்கதைக்கு வருவோம். மீனின் வால் நின்றவாறு அமைந்து பக்கவாட்டில் அசைவது. ஆவுளியாவின் வாலோ திமிங்கிலத்தின் வாலைப்போலக் கிடையாக விரிந்திருப்பது. ஆயினும் திமிங்கிலமும் ஆவுளியாவும் நெருங்கிய உறவினர் அல்ல. திமிங்கிலத்தின் கிட்டிய உறவு நீர்யானை; ஆவுளியாவின் உறவோ நம் காட்டு யானை! இரண்டு வெவ்வேறு குடும்பத்தார் தனித்தனியே ஒரே கடலில் இறங்கி, ஒரே வகை வாலைப் பெற்றனர். யானையைப் போலவே ஆவுளியாவின் முலைகளும் முன்கால்களின் அருகே, மார்பிலே அமைந்துள்ளன. முதிர்ந்த ஆணுக்கு முளைக்கும் சிறு கொம்புகளும் யானைத் தந்தத்தைப் போன்று வெட்டும் பற்களே.

1560ஆம் ஆண்டில் மன்னாருக்கு அருகே வலையில் அகப்பட்ட ஏழு “கடல் மாந்தரை”க் கோவாவிலிருந்த போர்த்துக்கேய இராசப்பிரதிநிதியின் வைத்தியர் அறுத்துச் சோதித்து, மனித உடலை ஒத்தவை என்று கூறினார் என்பதோர் பழஞ்செய்தி. எமர்சன் தெனன்ற் 1861இல் வெளியிட்ட இலங்கை விலங்குகள் பற்றிய நூலிலே இதனை எடுத்துரைக்கிறார். அவை ஆவுளியாக்களே என்று கொண்டால், வைத்தியரின் முடிவு பிழையே. ஆனால் அவர் கண்ட மார்பும் கையும் பொய்யல்ல.

கால்கள் எங்கே போயின? 2001இல் டேரில் டொம்னிங் என்னும் அறிஞர் யமேக்காத் தீவிலே கிடைத்த உயிர்ச்சுவடு ஒன்றை விவரித்தார். ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முந்தியது, பன்றியளவினது, தரையில் உடலைத் தாங்கவல்ல நான்கு கால்களையுடைய கடற்பசு அது. அதன் விலாவெலும்புகள் அப்போதே தடித்துக் கனத்திருந்தன. எகிப்திற் கிடைத்த, அதற்குப் பிந்திய காலத்துச் சுவடுகளிலே பின்கால்கள் சிறுத்துப் போயின. இன்றைய ஆவுளியாவிலே தசைக்குள் புதைந்த சிறிய இடுப்பெலும்பு மட்டும் எஞ்சியிருக்கிறது.

காலைப் பயன்படுத்தாமையால் அது தேய்ந்தது என்று மாணவர் எழுதுவதுண்டு. அவ்வாறன்று. நீரில் வாழ்வதற்குச் சற்றே ஏற்ற உடலோடு பிறந்தவை, ஏனையவற்றிலும் கூடுதலான சந்ததியை விட்டுச் சென்றன. இது பல்லாயிரம் தலைமுறை தொடர்ந்தது. கூர்ப்பு புதிதாக ஒரு துடுப்பைச் செய்யவில்லை. கைவசம் இருந்த கையையே துடுப்பாக்கியது. ஆசிரியரின் வினாவுக்கு விடை அதுதான்.

ஆனால் உருவம் அளித்த வாழ்வை அதே உருவம் பறிக்கவும் கூடும். மெல்ல நகரும் விலங்கு மனிதனுக்கு எளிய இரை. மூச்சுக்கு மேலே வந்தே தீரவேண்டிய விலங்குக்கு வலை தூக்குக்கயிறு. ஓராண்டுக்கு மேல் ஒரேயொரு குட்டியைச் சுமந்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறையே ஈனும் விலங்கு இழந்ததை ஈடுசெய்ய இயலாது. 1741இல் பெரிங் தீவின் கரையிலே ஸ்டெல்லர் என்பார் கண்டு விவரித்த மாபெருங் கடற்பசு, 1768க்குள் அடியோடு அழிந்தது. ஐந்து கோடி ஆண்டுக் குலத்தின் ஒரு கிளையை முடிக்க 27 ஆண்டுகள் போதுமாயிருந்தன.

இன்று இலங்கையிலும் இந்தியாவிலும் ஆவுளியா சட்டத்தாற் காக்கப்பட்ட விலங்கு. 2022இல் தமிழ்நாடு அரசு பாக்கு விரிகுடாவிலே 448 சதுர கிலோமீற்றர் பரப்பை அதற்கென ஒதுக்கியது. ஆவுளியாவுக்கோ இக்கரை அக்கரை என்ற பேதம் இல்லை. கடற்புல் எங்கே உண்டோ அங்கே அதன் வீடு. அப்புல்லை இழுவை வலைகள் வாரிச் சென்றால் சட்டம் மட்டும் அதனைக் காப்பாற்றாது.

ஒன்றை மறைக்காமற் சொல்லிவிடுகிறேன். அன்றிரவு எங்கள் வீட்டிலும் ஆவுளியாக் கறிதான். அம்மா பரிமாறினார், நானும் உண்டேன். ஆனால் அன்று பிற்பகல் வேப்பமரத்தடியிலே நான் ஆசிரியரிடம் ஒன்று கேட்டிருந்தேன். கரையிலே கிடந்த அந்த ஆவுளியாவின் மார்பிலிருந்து பால் கசிந்திருந்ததைக் கண்டேன், “அதன் குட்டி எங்கே ஐயா?” என்றேன்.

எல்லா வினாவுக்கும் விடை வைத்திருந்த அந்த ஆசிரியர் நெடுநேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் அந்தக் கையெலும்புகளை ஒரு துணியிலே சுற்றி என்னிடம் தந்தார். அவை இன்றும் என் மேசையின்மேல் இருக்கின்றன.