கத்தரிக்கோலும் கண்ணாடியும்

கூந்தலை வளர்ப்பதற்குப் பெண்கள் படும் பாட்டை நாம் அறிவோம். வளர்ந்த கூந்தலைத் தம் கையாலேயே வெட்டிவிட்டு மகிழும் பெண்களும் உளர். ஐக்கிய அமெரிக்காவிலே வாழும் கறுப்பினப் பெண்கள் பலர், தம் வீட்டுக் கண்ணாடியின் முன் நின்று, தோளிற் புரளும் நேரிய கூந்தலை ஓரிரு அங்குலமே எஞ்சுமாறு கத்தரித்து விடுகின்றனர். ‘பெரு வெட்டு’ என்பது அவர்கள் இதற்கு இட்ட பெயர். இதனை நாகரிக மோகம் என்றே நாமும் முதலில் எண்ணினோம். ஆராய்ந்த பின்னரே உண்மை விளங்கிற்று.

ஆபிரிக்க வழிவந்தோரிற் பெரும்பாலாரின் மயிர் இயல்பிலேயே நெருங்கிச் சுருண்டது. அடிமைக் காலந்தொட்டு நேரிய மயிரே அழகு எனவும், சுருண்ட மயிர் இழிவு எனவும் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. கரெற் மோர்கன் என்னும் கறுப்பினக் கண்டுபிடிப்பாளர் மயிரை நேராக்கும் களிம்பொன்றை ஆக்கி, 1913 இல் அதனை விற்க நிறுவனமும் அமைத்தார். மல்கம் எக்ஸ், எரிசோடாவும் உருளைக்கிழங்கும் முட்டையும் கலந்த கலவையைத் தம் தலையிற் பூசி, எரிவைப் பொறுத்துக்கொண்டமையை 1965 இல் வெளிவந்த தன்வரலாற்றில் விவரித்துள்ளார். அதனைத் தம்மைத் தாமே தாழ்த்திக்கொண்ட செயலென்று அவர் பின்னர் வருந்தினார்.

மயிரிழை கெரற்றின் என்னும் புரதத்தாலானது. அதன் வடிவத்தைக் காப்பவற்றுள் கந்தகப் பிணைப்புகள் முதன்மையானவை. களிம்பிலுள்ள சோடியம் ஐதரொட்சைட்டுப் போன்ற வன்காரம் அப்பிணைப்புகளை உடைத்துவிடுகின்றது. நேராக்கப்பட்ட பகுதி மீண்டும் பழைய சுருளை அடைவதில்லை. ஆயினும் வேரிலிருந்து மாதந்தோறும் ஏறத்தாழ அரை அங்குலம் வளரும் புதுமயிர் சுருண்டே வளர்கின்றது! ஆதலால் சில வாரங்களுக்கொருமுறை களிம்பைப் பூசவேண்டியதாகின்றது. நிறுத்தினாலோ, ஒரே இழையில் இருவகை மயிர் அமைந்து, அவை சந்திக்குமிடம் நலிந்து முறிகின்றது. சிலர் பல மாதங்கள் பொறுத்து, நுனியைச் சிறிது சிறிதாக வெட்டுவர். ஏனையோர் ஒரே முறையில் வெட்டிவிடுவர்.

வீட்டில் வெட்டுவோர் முதலில் தலையைக் கழுவி மயிரை நனைப்பர். அப்போது புதுமயிர் சுருண்டு நிற்க, நேராக்கப்பட்ட நுனி துவண்டு தொங்கும். எல்லை தெளிவாகப் புலப்படும். பின்னர் மயிரைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, கூரிய கத்தரிக்கோலால் அவ்வெல்லைக்குச் சற்று மேலே வெட்டுவர். காய்ந்ததும் சுருண்ட மயிர் மேலும் குறுகித் தோன்றுமாதலால், முதற்காட்சி பலரைத் திடுக்கிடச் செய்வதுண்டு. பின்னர் ஈரத்துடனேயே அகன்ற பற்களுள்ள சீப்பால், நுனியிலிருந்து வேரை நோக்கிச் சிக்கெடுத்துப் பேணவேண்டும்.

உடல்நலமும் இங்கே கருதத்தக்கது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வாளர், 33,000 இற்கு மேற்பட்ட பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் கவனித்துப் பெற்ற முடிவை 2022 இல் வெளியிட்டனர். மயிரை நேராக்கும் பொருள்களைப் பயன்படுத்தாதோருள் 70 வயதிற்குள் கருப்பைப் புற்றுநோய் காண்போர் நூற்றுக்கு 1.64 எனவும், அடிக்கடி பயன்படுத்துவோருள் 4.05 எனவும் அவர்கள் மதிப்பிட்டனர். இதனால் அப்பொருள்களே காரணமென முடிந்தபாடில்லை. எனினும் எச்சரிக்கை வேண்டும்.

இயல்பான மயிரைக் காரணங்காட்டி வேலையோ கல்வியோ மறுப்பதைத் தடுக்கும் சட்டத்தைக் கலிபோர்னியா மாநிலம் 2019 இல் முதன்முதலாக இயற்றிற்று. வேறு பல மாநிலங்களும் அதனைப் பின்பற்றின. இயற்கை தந்த மயிருடன் பணிக்குச் செல்வதற்கும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும்.

மயிரை நேராக்குவோர் யாவரும் தம்மை வெறுப்பவர் என நாம் கூறவில்லை. அஃது அவரவர் விருப்பம். ஆனால், அஞ்சிச் செய்வது வேறு, விரும்பிச் செய்வது வேறு. கண்ணாடியின் முன் நின்று, தன் முகத்தைப் பற்றித் தாய் என்ன நினைக்கின்றாள் என்பதை அருகில் நிற்கும் சிறுமகள் சொல்லாமலே கற்றுக்கொள்கின்றாள். அந்தப் பாடம் அச்சமாக அமையலாகாது என்று கருதியே அத்தாயர் கத்தரிக்கோலை எடுக்கின்றனர்.