ஜன்னலுக்குள் வந்த ரயில்

1903-இல் அமெரிக்காவில் ‘தி கிரேட் டிரெயின் ராபரி’ என்றொரு ஊமைப்படம் எடுத்தார்கள். மொத்தமே 12 நிமிடம்தான் ஓடும். ஸ்டேஷனில் ஒரு தந்தி அறை. கொள்ளையர்கள் துப்பாக்கியோடு உள்ளே நுழைகிறார்கள். ஜன்னலுக்கு வெளியே நிஜ ரயில் ஒன்று வந்து நிற்கிறது.

ஆனால் அந்த அறை வெறும் செட். அதன் பின்னால் தண்டவாளமே இல்லை! அப்புறம் ரயில் எப்படி வந்தது?

படத்தை எடுத்த எட்வின் போர்ட்டர் ஒரே ஃபிலிமில் இரண்டு முறை படம்பிடித்தார். ஒரு முறை, ஜன்னல் இருக்கும் இடத்தில் மட்டும் ஒளி விழாதபடி மறைத்துவிட்டு அறையை எடுத்தார். ஒளி படாத ஃபிலிம் புத்தம் புதிதாகவே இருக்கும் அல்லவா? இன்னொரு முறை, அந்த ஜன்னலைத் தவிர மற்றதையெல்லாம் மறைத்துவிட்டு ரயிலை எடுத்தார். கழுவிப் பார்த்தால் ஜன்னலுக்குள் ரயில்!

அந்த மறைப்பைத்தான் இன்று கணினியில் ‘மாஸ்க்’ என்கிறோம். டிவியில் படத்தின் பெயர் மலைக்குப் பின்னாலிருந்து சூரியன் போல எழுந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். ‘ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்’ போன்ற மென்பொருளில் அதைச் செய்ய மூன்று லேயர் போதும். லேயர் என்றால், ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் மலையும் வானமும் உள்ள படம். அதன்மேல் எழுத்து. அதற்கும் மேலே, அடியில் வைத்த அதே படம் இன்னொரு முறை.

இப்போது மேல் படத்தில் பேனாக் கருவியை எடுத்து, மலை முகட்டின் ஏற்ற இறக்கத்தை ஒட்டியே புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டு போக வேண்டும். சுற்றி வந்து முதல் புள்ளியைத் தொட்டதும் மாஸ்க் தயார். கோட்டுக்குள் இருக்கும் மலை மட்டும் நிற்கும், மேல் படத்தின் வானம் காணாமல் போகும். எழுத்தைக் கீழிருந்து மேலே நகர்த்தினால் மலைக்குப் பின்னாலிருந்து அது எட்டிப் பார்க்கும்!

போன வானம் அழிந்துவிடவில்லை, மறைந்துதான் இருக்கிறது. மாஸ்க்கை எடுத்தால் அப்படியே திரும்பி வரும். எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயமே இதுதான். தப்பாக வெட்டிவிட்டோமே என்று அழவே வேண்டாம்.

கணினிக்கு மலையும் தெரியாது, வானமும் தெரியாது. எல்லாம் எண்கள். படத்தை உருவாக்கும் ஒவ்வொரு குட்டிப் புள்ளிக்கும் மாஸ்க் ஓர் எண் கொடுக்கிறது. 255 என்றால் மேல் லேயர் முழுதாகத் தெரியும். 0 என்றால் முழுதாக மறையும். நடுவில் 128 என்றால்? மேலே பாதி, கீழே பாதி. மேல் புள்ளியின் வெளிச்சம் 200, கீழ்ப் புள்ளியின் வெளிச்சம் 100 என்றால், திரையில் ஏறக்குறைய 150 தெரியும். இந்த எண்களை ‘ஆல்பா’ என்று அழைக்கிறார்கள். 1970-களின் கடைசியில் நியூயார்க்கில் ஆல்வி ரே ஸ்மித், எட் கேட்மல் என்ற இருவர் வைத்த பெயர் அது.

நடுவில் உள்ள எண்கள் எதற்கு என்று கேட்கிறீர்களா? உங்கள் தலைமுடியில் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். ஒரு சுவரின் முன்னால் உங்களைப் படமெடுத்து, உங்களை மட்டும் தனியே பிரிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். படத்தில் அந்த முடி ஒரு புள்ளியைவிட மெல்லியதாக இருக்கும். அதாவது அந்தப் புள்ளிக்குள் கொஞ்சம் முடி, மீதி பின்னால் இருக்கும் சுவர். அங்கே 0 போட்டால் முடியே இருக்காது, 255 போட்டால் சுவரும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு வரும். அதனால் கலைஞர்கள் அந்த ஓரத்தில் 60, 90, 140 என்று பார்த்துப் பார்த்து எண்ணைக் கூட்டிக் குறைக்கிறார்கள், ஒவ்வொரு முடியாக.