கல்லணையிலிருந்து கடைமடை வரை: ரெண்டு பைக், வறண்ட ஆறு

பைக்கில் நீண்ட பயணம் என்றாலே லடாக், கர்துங் லா, 5,000 மீட்டருக்கு மேலே பனி என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். 2019 மே மாதம் நானும் என் கல்லூரி நண்பனும் போனது அதற்கு நேர் எதிரான பாதை. கல்லணை கடல்மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டர் உயரம். அங்கே கிளம்பி முத்துப்பேட்டையில் பூஜ்யத்துக்கு வந்து சேர்ந்தோம். நாங்கள் சுற்றிய வழியில் கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர். அதாவது கிலோமீட்டருக்கு அரை மீட்டர் சரிவுகூட இல்லை. பைக்கில் உட்கார்ந்து பார்த்தால் இது சரிவு என்றே தெரியாது. ஆனால் டெல்டா முழுவதுமே இந்த அரை மீட்டரை நம்பித்தான் இருக்கிறது.

நாங்கள் ஊர் சுற்றப் போகவில்லை. முத்துப்பேட்டைக்கு வடக்கே, பாமணியாற்றுப் பாசனத்தின் கடைசியில் நண்பன் குடும்பத்துக்கு நிலம் இருக்கிறது. கடைமடை. இறால் குட்டை போட ஒருத்தர் விலை பேசியிருந்தார், நல்ல விலை. தங்கைக்குப் பங்கு கொடுக்க வேண்டும், அப்பாவுக்கு வயசாகிவிட்டது. "விக்கறதுக்கு முன்னாடி தண்ணி எங்கேருந்து எப்படி வருதுன்னு ஒரு தடவை முழுசா பாத்துடலாம்டா" என்றான். மே மாதம்தான் அதற்குச் சரி. ஆற்றில் தண்ணீர் ஓடும்போது தண்ணீர்தான் தெரியும். வறண்டு கிடக்கும்போதுதான் மதகு, ஷட்டர், மணல் மேடு, உடைப்பு எல்லாம் கண்ணில் படும்.

முதலில் கல்லணை. கரிகாலன் கட்டியது என்று எல்லாரும் படித்திருக்கிறோம். அது என்ன வேலை செய்கிறது என்பதைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை. தண்ணீரைத் தேக்கி வைப்பது அதன் வேலை இல்லை. முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது: வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. தீவு முடியும் இடத்தில் இரண்டும் மறுபடி நெருங்கி வருகின்றன. கொள்ளிடத்தின் படுகை தாழ்வு, காவிரி மேடு. அப்படியே விட்டால் காவிரித் தண்ணீர் முழுக்கக் கொள்ளிடத்தில் விழுந்து கடலுக்குப் போய்விடும். அந்த வழியை மறிக்கும் கல்தான் கல்லணை. நெட்வொர்க் ஆட்கள் மொழியில் சொன்னால் இது ஸ்டோரேஜ் இல்லை, ரூட்டர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரி மண்மேடிட்டு, தண்ணீர் மேலும் மேலும் கொள்ளிடத்துக்கே போக ஆரம்பித்தது. ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலையில், முக்கொம்பில், 1836-இல் மேலணை கட்டினார். ஆற்று மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைக் கல்லணையைப் பார்த்துத்தான் கற்றோம் என்று அவரே எழுதியிருக்கிறார். 1934-இல் மேட்டூர் அணை வந்தது. கூடவே கல்லணைக் கால்வாய், ஊர்க்காரர்கள் சொல்லும் புது ஆறு. இன்றைக்குக் கல்லணையில் தண்ணீர் நான்காகப் பிரிகிறது: காவிரி, வெண்ணாறு, புது ஆறு, மிஞ்சினால் கொள்ளிடம்.

இங்கேதான் நண்பனுக்கு ரொம்ப நாளாக இருந்த கோபம் வெளியே வந்தது. 2018 ஆகஸ்டில் ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம் வந்து, முக்கொம்பில் கொள்ளிடத்தின் ஒன்பது ஷட்டர்களை அடித்துக்கொண்டு போனது. டிவியில் அதைக் காட்டிக்கொண்டிருந்த அதே வாரம் இவன் நிலத்தில் தண்ணீர் இல்லை. "கடலுக்கு விடறாங்க, எனக்கு விட மாட்டேங்கறாங்க" என்பான். பாசன ஆறுகள் மூன்றும் சேர்ந்து சுமந்தாலும் சுமார் இருபத்தைந்தாயிரம் கன அடிக்குள்தான். அதற்கு மேல் விட்டால் கரை உடையும். வெள்ளத்துக்கென்று இருக்கிற ஆறு கொள்ளிடம்தான். கணக்கு சரி. ஆனால் அந்த இருபத்தைந்தாயிரமாவது ஏன் கடைசி வரை போகவில்லை என்று கேட்டால் என்னிடம் கல்லணையில் பதில் இல்லை. அதற்குக் கீழே போக வேண்டியிருந்தது.

தங்கல் பற்றிக் கேட்பீர்கள். இரண்டு பேர் டென்ட் ஒன்று எடுத்துப் போயிருந்தேன். மூடிய டென்ட் சூட்டை உள்ளே வைத்துக்கொள்ளும். மே மாத டெல்டாவில் அதன் வெளித்துணியைக் கழற்றிவிட்டு, வலை மட்டும் வைத்து, கொசுவலையாகப் பயன்படுத்தலாம். திருவையாற்றுக்கு முன்னால் தெரிந்தவர் தோப்பில் மோட்டார் கொட்டகையின் காங்கிரீட் கூரை மேல் படுத்தோம். போர்வெல் ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்தில் குறுவை நாற்றங்கால் பச்சையாக இருந்தது. மேட்டூர் திறக்கட்டும் என்று இவர்கள் காத்திருக்கத் தேவையில்லை. நண்பன் அந்த நாற்றங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஊரில் போர் போட்டால் வருவது உப்புத்தண்ணீர்.

மறுநாள் தென்பெரம்பூர். வெண்ணாறு இங்கே வெட்டாறு, வடவாறு என்று பிரிகிறது. பிறகு தஞ்சாவூர், அம்மாப்பேட்டை வழியாக நீடாமங்கலம். பக்கத்தில் மூணாறு தலைப்பு: வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு. ஒவ்வொரு தலைப்பிலும் ஒரு லஸ்கர், சுவரில் அளவுகோல், மேலே இருந்து வரும் உத்தரவு. தண்ணீர் பற்றாத காலத்தில் முறைப்பாசனம் வைப்பார்கள்: சில நாள் காவிரிக்கு, சில நாள் வெண்ணாற்றுக்கு. ஆற்றுக்குக் கீழே ஏ வாய்க்கால், அதிலிருந்து பி, அப்படியே சி, டி என்று போகிறது. நண்பன் நிலம் ஒரு டி வாய்க்காலின் நுனியில்.

எங்களுக்கு விளக்கம் சொன்னது ஒரு தலைப்பில் நின்றிருந்த வயசான லஸ்கர். "தம்பி, ஷட்டரை நான் தூக்கிடுவேன். தண்ணிக்கு உயரம் வேணும்ல" என்றார். ஆற்றில் ஓரளவு மட்டம் ஏறினால்தான் ஏ வாய்க்காலின் தலைமதகுக்குள் தண்ணீர் நுழையும். ஏ நிறைந்தால்தான் பிக்கு ஏறும். முறை ஆறு நாள் என்றால் அதில் பாதி நாள் காய்ந்த படுகை குடிக்கவும் மட்டம் ஏறவுமே போய்விடும். நுனிக்கு வரும் நேரத்தில் முறை மாறிவிடும். அடுத்த முறைக்குள் படுகை மறுபடி காய்ந்திருக்கும். இதில் யாரும் திருட வேண்டியதில்லை. மேலே இருப்பவர்கள் தங்கள் பங்கை மட்டும் எடுத்தாலும் கடைசி ஆள் பட்டினி கிடப்பான். போதாக்குறைக்கு வாய்க்காலில் வெங்காயத் தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும். கிலோமீட்டருக்கு அரை மீட்டர் சரிவில் ஒரு புதர் போதும், தண்ணீர் நின்றுவிடும். தூர்வாரும் பொக்லைன்கள் பெரிய ஆறுகளில் நின்றதைப் பார்த்தோம். நாங்கள் பார்த்த டி வாய்க்கால் எதிலும் இல்லை.

மன்னார்குடிக்குத் தெற்கே நிலக்காட்சியே மாறிவிடுகிறது. 2018 நவம்பர் 16 அன்று அடித்த கஜா புயலில் சாய்ந்த தென்னைகள் ஆறு மாதம் கழித்தும் அப்படியே கிடந்தன. நண்பன் வீட்டில் முப்பது மரம் போயிருந்தது. அவனுடைய அப்பா எங்களை உட்காரவைத்து நீர்மோர் கொடுத்தார். விற்பதைப் பற்றிப் பேசவில்லை. சாயங்காலம் வயலுக்குக் கூட்டிப் போய், வடக்கு வரப்பில் நின்று பக்கத்து வயலைக் காட்டினார். அது வேறொருத்தருடையது. "நம்ம இடத்துல இறால் குட்டை வந்தா உப்பு அங்க ஊறும்பா. அவன் நாப்பது வருசமா எனக்கு மடை விட்டவன்."

கடைமடைக்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நாற்றங்கால் இல்லாமல், காய்ந்த மண்ணிலேயே புழுதி விதைப்பு. மழைக்கு முளைக்கும், ஆற்றுத் தண்ணீர் வரும் வரை தாக்குப்பிடிக்கும். குறுவை கிடையாது, ஒரே சம்பா. மேட்டூரின் ஜூன் 12 என்ற தேதி 2012-லிருந்தே தவறிக்கொண்டு வந்தது. நாங்கள் போன வருடம் ஆகஸ்ட் 13-இல்தான் திறந்தார்கள். நிலத்துக்கு அங்கே ஏறிய விலை இந்தத் தேதியைப் பொறுத்ததில்லை, இறாலைப் பொறுத்தது.

கடைசி இரவு முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு அருகில். பாமணியாறும் கோரையாறும் இங்கே காயலில் கலக்கின்றன. அந்த மாதம் அவற்றில் கலப்பதற்கு எதுவும் இல்லை. கடல்தான் ஏற்றத்தின்போது ஆற்றுக்குள் வந்துகொண்டிருந்தது. நண்பன் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தான்.

செப்டம்பரில் போன் செய்தான். புழுதி விதைப்பு முளைத்துவிட்டது, டி வாய்க்காலைத் தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து கூலி கொடுத்து வெட்டியிருக்கிறார்கள், முழங்கால் அளவு தண்ணீர் வந்தது என்றான். தங்கைக்குக் கொடுக்க வேண்டிய பணத்துக்குப் பெங்களூரில் கடன் போட்டிருக்கிறான். புரோக்கர் வாரத்துக்கு ஒரு தடவை அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறாராம்.