கோதா போன இடம்

டோக்கியோவின் ஃபுகாகாவா பகுதியில், 1627-இல் எழுந்த தொமியோகா ஹாச்சிமான் என்ற ஷிண்டோ ஆலயம் இருக்கிறது. சாதாரண நாளில் போகிறவர் அங்கே சுமோ மல்லர்களைப் பார்க்க முடியாது. கல்லில் அவர்கள் பெயர்களைத்தான் பார்க்கலாம்.

ஆனால் அன்று, பதினேழாம் நூற்றாண்டில், இங்கே மல்லர்களே இருந்தார்கள். அடிதடி மிகுந்ததால் எடோ (டோக்கியோவின் பழைய பெயர்) அரசு பொதுப் பந்தயங்களுக்குத் தடை போட்டிருந்தது. 1684-இல் தடை தளர்ந்து, திருப்பணி நிதி திரட்டும் பந்தயத்துக்கு அனுமதி கிடைத்தது இந்த வளாகத்தில்தான். வசூல் திருப்பணிக்கு என்று பெயர். மல்லர்களின் பிழைப்பும் அதில்தான் ஓடியது. கோதா திறந்தவெளியில். பிற்பாடு பத்து நாள் பந்தயம் வழக்கமானபோதும், மழை பெய்த நாள் கணக்கில் சேராது. பெண்கள் பார்க்கப் பெரும்பாலும் அனுமதி கிடையாது.

இன்று ஆண்டுக்கு ஆறு பந்தயங்கள், ஒவ்வொன்றும் 15 நாள். டோக்கியோவில் நடக்கும் மூன்றும், இங்கிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் தள்ளி, ரியோகோகுவில் 1985-இல் திறந்த கொகுகிகான் அரங்கில். சுமார் 11,000 பேர் மழைக் கவலையில்லாமல் உட்காரலாம். பெண்களும் சீட்டு வாங்கலாம். கோதாவில் கால் வைக்கத்தான் இன்னும் தடை.

அரங்குக்குப் போன சுமோ ஆலயத்தையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறது. கோதாவுக்கு மேலே தொங்குவது ஷிண்டோ ஆலயக் கூரை. பார்வையை மறைத்த நான்கு தூண்களை 1952-இல் அகற்றிவிட்டு, கூரையைக் கம்பிவடத்தில் தொங்கவிட்டார்கள். பந்தயத்துக்கு முந்தைய நாள் நடுவர் பூசாரியாகிறார். அரிசி, உப்பு, கடற்பாசி, காய்ந்த கணவாய் ஆகியவற்றைக் கோதாவின் நடுவே புதைக்கிறார்கள். அன்று ஆலயத்துக்குள் கோதா. இன்று கோதாவுக்கு மேல் ஆலயம்.

பழைய இடத்தில் மிஞ்சியது, சுமோவின் உச்சப் பட்டமான யோகோசூனா பெற்றவர்களின் பெயர் பொறித்த கல். ஓய்வுபெற்ற 12ஆவது யோகோசூனா ஜின்மாக்கு கியூகோரோ முன்னின்று 1900-இல் நிறுவியது. சுமார் மூன்றரை மீட்டர் உயரம். இன்றைய வரிசை எண்களே அவர் வகுத்த பட்டியலிலிருந்து வந்தவை. அதில் முதல் சில பெயர்கள் பாதி செவிவழிக் கதை. 254 வெற்றியும் பத்தே தோல்வியும் கண்ட ராய்தென் என்ற மல்லரோ யோகோசூனா ஆனதே இல்லை. அவரை விட்டுவிட மனம் வராமல், 'நிகரற்ற மல்லர்' என்று தனியாகப் பொறித்திருக்கிறார்கள். எனக்கு இந்த ஓரவஞ்சனை பிடித்திருக்கிறது.

வெளிநாட்டார் கரையேறவே கெடுபிடி இருந்த காலத்தில் தொடங்கிய வரிசையில், 1993-இல் ஹவாயில் பிறந்த அகேபோனோ 64ஆவதாகச் சேர்ந்தார்; பின்னால் மங்கோலியர்கள் வரிசையாக வந்தார்கள். பெருங்கல்லில் இடம் போதாமல் பெயர்கள் பக்கத்துக் கற்களுக்கு நகர்ந்துவிட்டன. புதுப் பெயர் பொறிக்கும் சடங்கில் அந்த மல்லரே யோகோசூனாவுக்குரிய வெள்ளை வடம் கட்டி வந்து, காலை உயர்த்தித் தரையில் மிதிக்கிறார். கூட்டம் அன்றுபோலவே முண்டியடிக்கிறது. அன்று யார் ஜெயிப்பார் என்று பார்க்க வந்தார்கள்; இந்தச் சடங்கில் எதிராளியே கிடையாது.