ரஃப்தார் பார்முலா ரேசிங்

ரஃப்தார் பார்முலா ரேசிங் என்பது சென்னை ஐ.ஐ.டி. மாணவர்களின் பந்தயக் கார் வடிவமைப்புக் குழு ஆகும். 'ரஃப்தார்' என்ற இந்திச் சொல்லுக்கு வேகம் என்பது பொருள். மாணவர்களே ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை வடிவமைத்து, உருவாக்கி, ஓட்டிக் காட்டும் போட்டிகளில் இக்குழு பங்கேற்கிறது. இவ்வகைப் போட்டி 1981-இல் அமெரிக்காவில் 'பார்முலா எஸ்.ஏ.இ.' என்ற பெயரில் தொடங்கியது. இந்தியாவில் இதையொட்டிய 'பார்முலா பாரத்' போட்டி கோயம்புத்தூரிலுள்ள கரி மோட்டார் ஸ்பீடுவேயில் நடைபெறுகிறது.

விதிகள்

கார் நிறுவனங்களும் பிற புரவலர்களும் பணம், உதிரிபாகங்கள், மென்பொருள் ஆகியவற்றைத் தந்து உதவலாம். ஆனால் தொழில்முறைப் பொறியாளர்கள் வடிவமைப்பில் நேரடியாக ஈடுபடக் கூடாது. ஆகவே பிழை நேர்ந்தால் அதைக் கண்டறிந்து திருத்த வேண்டியவர்களும் மாணவர்களே.

பார்முலா எஸ்.ஏ.இ. விதிகளின்படி மொத்தமுள்ள 1000 புள்ளிகளில் 325 புள்ளிகள் கார் ஓடாமலேயே வழங்கப்படுகின்றன. வடிவமைப்பு, செலவுக் கணக்கு, வணிகத் திட்டம் ஆகியவை பற்றி நடுவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு மாணவர்கள் காரணத்துடன் விடையளிக்க வேண்டும். பின்னர் காரை 60 பாகை சாய்த்து, அது கவிழாததையும் எண்ணெய் கசியாததையும் சோதிப்பர். பிரேக் பிடிக்கும்போது நான்கு சக்கரங்களும் நின்றாக வேண்டும். இச்சோதனைகளில் தேறாத கார் ஓட்டப் போட்டிகளுக்குச் செல்ல முடியாது. ஓட்டப் போட்டிகளுள் கடினமானது சுமார் 22 கிலோமீட்டர் நீடிக்கும் தாங்குதிறன் ஓட்டம். பாதி வழியில் ஓட்டுநர் மாற வேண்டும்.

மின்சாரக் கார்

தொடக்கத்தில் பெட்ரோல் கார்களை உருவாக்கிய இக்குழு, தன் முதல் மின்சாரப் பந்தயக் காரான 'ஆர்.எஃப்.ஆர். 23'-ஐ 2022 நவம்பரில் அறிமுகப்படுத்தியது. அதை உருவாக்கியவர்கள் பல்வேறு துறைகளைச் சேர்ந்த 45 மாணவர்கள்.