பரணில் கிடக்கும் மடிக்கணினிக்கு மறுவாழ்வு!

பொழுதுபோக்குகளில்தான் எத்தனை வகை! ஒருவர் தபால் தலை சேர்க்கிறார். இன்னொருவர் பழைய நாணயம் தேடி ஊர் ஊராக அலைகிறார். வேறொருவர் நின்றுபோன கடிகாரத்தை ஓட வைப்பதில் ஆனந்தம் காண்கிறார். இந்த வரிசையில் புதிதாக ஒரு கூட்டமும் சேர்ந்திருக்கிறது. அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் முதலிய இடங்களில் இவர்களைக் காணலாம். முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் விற்பனையாகி, பிறகு கைவிடப்பட்ட மடிக்கணினிகளைத் தேடிப் பிடித்து, பழுது பார்த்து, மறுபடியும் ஓட வைப்பதுதான் இவர்களுடைய வேலை.

"இன்றைய சாதாரணக் கைப்பேசி செய்கிற காரியத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட அந்த யந்திரங்கள் செய்யமாட்டாவே! எதற்கு இந்தப் பாடு?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். பதிலுக்கு முன்னால், அந்த யந்திரங்கள் பிறந்த கதையைக் கேளுங்கள்.

திருவண்ணாமலையில் வளர்ந்தவர்

அந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஆடம் ஆஸ்பார்ன் 1939ல் பாங்காக் நகரில் பிறந்தவர். தந்தை ஆர்தர் ஆஸ்பார்ன், ரமண மகரிஷியின் அடியார். ஆகவே ஆடமின் பிள்ளைப் பருவம் திருவண்ணாமலையில் கழிந்தது. பின்னாளில் அமெரிக்காவில் குடியேறிய அவர், 1981ல் 'ஆஸ்பார்ன் 1' என்ற கணிப்பொறியை வெளியிட்டார். கையோடு தூக்கிப் போகலாம் என்பதே அதன் விசேஷம். விலை 1,795 டாலர். எடை 11 கிலோ! மூடி வைத்தால் தையல் மிஷின் பெட்டி மாதிரி இருக்கும். திரையின் அளவோ ஐந்தே அங்குலம்.

இதை மடியில் வைத்தால் மடி தாங்காது. ஆனாலும், சுமந்து செல்லும் கணிப்பொறிக்குச் சந்தை உண்டு என்று காட்டியது அதுதான். 1983ல் அவருடைய கம்பெனி திவாலாயிற்று. ஆடம் 2003ல் கொடைக்கானலில் காலமானார்.

கம்பெனி விழுந்த அதே 1983ல், உண்மையாகவே மடியில் அடங்கும் ஒரு யந்திரம் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. ஜப்பானின் கியோசெரா தயாரிக்க, டாண்டி கம்பெனி விற்ற 'மாடல் 100' அது. எடை சுமார் ஒன்றரை கிலோ. பென்சில் பாட்டரி நான்கு போட்டால் 20 மணி நேரம் வரை ஓடும். திரையில் எட்டு வரிகள். வரிக்கு 40 எழுத்துக்கள். பத்திரிகை நிருபர்களுக்கு இது பெரிய வரப்பிரசாதமாயிற்று. போன இடத்திலேயே செய்தியைத் தட்டச்சு செய்து, தொலைபேசிக் கம்பி வழியே அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

உள்ளே ஒளிந்திருக்கும் பகைவன்

இப்படி ஓடி ஓடி உழைத்த யந்திரம் உழைப்பினால் சாவதில்லை. பரணில் சும்மா கிடந்து சாகிறது! காரணம், உள்ளே இருக்கும் ஒரு சின்னஞ்சிறு பாட்டரி.

மாடல் 100ல் எழுதி வைத்த விஷயம் அழியாமல் இருக்க, பென்சில் பாட்டரிகளைத் தவிர, நிக்கல்-காட்மியம் பாட்டரி ஒன்றையும் உள்ளே ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தால் அது கசிகிறது. கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரம். அது பலகையில் உள்ள செப்புத் தடங்களை மெல்ல மெல்ல அரித்துத் தின்றுவிடுகிறது. வெளியே பார்த்தால் யந்திரம் புதுப்பெண் மாதிரி பளபளவென்று இருக்கும். திறந்து பார்த்தால் பச்சைக் களிம்பு!

வைத்தியம் என்ன? முதலில் அந்தப் பாட்டரியைக் கழற்றி எறிகிறார்கள். காரத்தை முறிக்க அமிலம் வேண்டுமல்லவா? காடியையோ எலுமிச்சைச் சாற்றையோ பஞ்சில் தொட்டுத் துடைக்கிறார்கள். பிறகு ஆல்கஹாலால் கழுவி உலர்த்துகிறார்கள். மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு தடமாகச் சோதித்து, அறுந்த இடத்தில் தலைமயிர் போன்ற மெல்லிய கம்பியை வைத்துப் பற்றவைக்கிறார்கள். ரேடியோ ரிப்பேர்க்காரர்கள் கண்டென்சர் என்று சொல்லும் உறுப்புகளும் வயதானால் கசியும், அவற்றையும் மாற்றுகிறார்கள். செலவு சொற்பம். தேவைப்படுவது பொறுமைதான்!

திரையில் காடி நெடி

1990களில் வந்த சில மடிக்கணினிகளைத் திறந்தால் காடி நெடி மூக்கைத் துளைக்கும். திரையில் ஒட்டியுள்ள மெல்லிய ஏடு சிதைவதால் வரும் நெடி அது. பழைய சினிமாப் படச்சுருள்களைக் கெடுக்கும் நோயும் இதுவேதான். இரண்டும் செல்லுலோஸ் அசெட்டேட் இனத்தைச் சேர்ந்தவை. கைதேர்ந்தவர்கள் கெட்டுப்போன ஏட்டை உரித்து எடுத்துவிட்டுப் புதிய ஏட்டை ஒட்டுகிறார்கள். கை கொஞ்சம் தவறினால் திரையின் கண்ணாடி போயிற்று!

இந்த வேலையில் ஆபத்தும் இல்லாமல் இல்லை. ஆஸ்பார்ன் போன்ற பழைய பெட்டிகளில் படக்குழாய் உண்டு. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதில் உயர் அழுத்தம் தங்கியிருக்கும். பிற்காலத்து லித்தியம் பாட்டரி உப்பியிருந்தால், அதைக் குத்தவோ, மறுபடி மின்னேற்றவோ கூடாது, தீப்பிடிக்கும். விஷயம் தெரியாதவர்கள் விளையாட்டாகக் கை வைக்கக் கூடாது.

எதற்கு இந்தப் பாடு?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். அந்தக் காலத்துக் கம்பெனிகள் ஆளுக்கொரு முறையில் வட்டுகளில் எழுதின. ஒருவருடைய ஆராய்ச்சியோ, கணக்கோ, கடிதங்களோ ஆஸ்பார்ன் வட்டில் இருந்தால், அவற்றைப் படிக்க ஓடுகிற ஆஸ்பார்னே பெரும் உதவி. யந்திரம் போனால் அதில் எழுதியவரின் உழைப்பும் அதோடு போகும்.

இன்னொன்றும் உண்டு. இன்றைய கருவிகள் பலவற்றைப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். பழுது என்றால் பெரும்பாலும் குப்பைத்தொட்டிதான் கதி. மாடல் 100ஐயோ நாலு திருகாணியைக் கழற்றித் திறந்துவிடலாம். பழுது பார்ப்போருக்கான கையேடு இன்றும் கிடைக்கிறது. எந்த உறுப்பு என்ன செய்கிறது என்று ஒரு மனிதன் தானே கற்றுத் தெரிந்துகொள்ள முடிகிறது. அந்தக் கல்வி எளிதில் கிடைக்கக்கூடியதா?

உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய மடிக்கணினி ஒன்று தூசி படிந்து கிடக்கலாம். உடனே மின்சாரம் கொடுத்துப் பார்க்க அவசரப்படவேண்டாம். தெரிந்தவரைக் கொண்டு, உள்ளே இருக்கும் பாட்டரியை முதலில் அகற்றச் செய்யுங்கள். மற்றப் பழுதுகளை அடுத்த ஆண்டுகூடப் பார்த்துக்கொள்ளலாம். பாட்டரியின் அரிப்பு மட்டும் அதுவரை காத்திராது!